தலை காத்த இரும்பு

புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், போர்வீரன் ஒருவன் அணியும் கவசங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவற்றை ஆன்ம வாழ்வுக்கு உவமையாக்குகிறார். மீட்புக்கு அவர் கூறும் உவமை ‘தலைச்சீரா’. திருப்பலி வாசகத்தில் இச்சொல்லைக் கேட்டிருப்போம். பொருள் விளங்காமலே கடந்தும் போயிருப்போம். தலையைக் காக்கும் கவசமே தலைச்சீரா. சின்னப்பர் தம் கண்ணால் கண்டது உரோமைப் படைவீரருடையது. அதற்கு ஓராயிரம் ஆண்டுக்குப் பின், ஐரோப்பாவில் இடைக்காலத்திலும் மறுமலர்ச்சிக் காலத்திலும் கொல்லர்கள் அடித்த தலைச்சீராக்கள் எத்தனையோ வடிவங்களில் இன்றும் காட்சிசாலைகளில் உள்ளன. சிலவற்றைப் பார்த்தால் வாளி போலிருக்கும்; சில நாயின் மூஞ்சி போலிருக்கும்; ஒன்றிற்கு ஆட்டுக்கடாக் கொம்பு கூட உண்டு! இவ்வளவு வேறுபாடு எதற்கு?

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்தால் அடி படாது. அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீரன் எதிரியைப் பார்க்க வேண்டும், தலைவனின் கட்டளையைக் கேட்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு விட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் வழி விட்டால் அவ்வழியே அம்பும் வரும். வழியை அடைத்தால் உள்ளிருப்பவனுக்குத் திணறும். சுமார் 600 ஆண்டுகள் கொல்லர்கள் இந்த ஒரே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள். ஒவ்வொரு வடிவமும் அதற்கு அவரவர் கண்ட ஒரு விடை.

செக் நாட்டின் பிராகா நகரில் புனித வென்செஸ்லாசின் தலைச்சீரா என்று போற்றப்படும் ஒன்று உண்டு. கோமகனான இப்புனிதர் 935-ஆம் ஆண்டில் தம் சொந்தச் சகோதரனின் ஆட்களால் கொலையுண்டவர். அவருடைய தலைச்சீரா ஓர் எளிய இரும்புக் கூம்பு. நெற்றியிலிருந்து மூக்கின்மேல் ஒரு தகடு இறங்குகிறது. அத்தகட்டில் கைகளை விரித்த ஓர் உருவம் வெள்ளி இழைத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. சிலுவையில் தொங்கும் நம் ஆண்டவர் என்றே பலரும் அதைக் கொள்கின்றனர். மூக்குத்தகடு வைத்த இவ்வடிவமே பதினோராம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. 1066-ல் இங்கிலாந்தை நார்மானியர் வென்ற கதையைக் கூறும் பேயோ சித்திரத்துணியில் வீரர் பலரும் இதைத்தான் அணிந்திருக்கின்றனர். (திரை என்று சொன்னாலும் அது நெய்ததன்று, சுமார் 70 மீட்டர் நீளமுள்ள துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டையை முடிக்கவே ஒரு பருவம் எடுத்துக்கொள்ளும் நம் மாணவியர் கவனிக்க!) அதில் ஒரு காட்சி. தலைவன் வில்லியம் மாண்டுவிட்டான் என்று வதந்தி பரவ, அவன் தலைச்சீராவைப் பின்னுக்குத் தள்ளித் தன் முகத்தை வீரருக்குக் காட்டுகிறான். மூக்கை மட்டும் மறைத்த தகட்டுக்கே இந்த நிலை. முழு முகத்தையும் மறைத்தால்?

அதுவும் நடந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் முகத்துக்குத் தகடு வந்தது. 1220 வாக்கில் தலை முழுவதையும் மூடும் ‘கிரேட் ஹெல்ம்’ என்னும் பெருங்கவசம் உருவாயிற்று. இதன் அடியில் வீரன் இன்னும் இரண்டு அணிந்திருப்பான். முதலில் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய். அதன்மேல் சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய முக்காடு. நம் மடத்துச் சகோதரியர் முன்பு அணிந்துவந்த, முகத்தை மட்டும் விட்டுக் கழுத்தையும் கன்னத்தையும் மூடும் முக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே இரும்பில் பின்னினால் எப்படியோ, அப்படி. அதற்கும் மேலே வாளியைக் கவிழ்த்தாற்போல் இரண்டரை, மூன்று கிலோ எடையில் பெருங்கவசம். கண்ணுக்கு விரலளவு அகலத்தில் ஒரு பிளவு. மூச்சுக்குக் கீழே சில துளைகள். இத்துளைகளைப் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் இட்டார்கள். ஏனெனில் எதிரே குதிரையில் வருபவனின் ஈட்டி இடப்பக்கத்தில் தாக்கும். அங்கே துளை இருந்தால் ஈட்டிமுனை மாட்டிக்கொள்ளும், தகடும் வலுவிழக்கும். துளை போடுவதில்கூட எவ்வளவு யோசனை பாருங்கள்.

முகம் மறைந்ததும் யார் எவர் என்று தெரியாமல் போயிற்று. ஆகவே கேடயத்திலும் மேலாடையிலும் குடும்பச் சின்னத்தைத் தீட்டிக்கொண்டனர். தலைச்சீராவின் உச்சியில் சிங்கம், பறவை, கொம்பு என்று உருவங்களைப் பொருத்தினர். இன்றும் ஐரோப்பியக் குடும்ப இலச்சினைகளில் கேடயத்தின்மேல் ஒரு தலைச்சீரா வரைந்திருப்பதன் காரணம் இதுவே. திருச்சபையோ தன் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் போர்க்கருவி பொருந்தாது என்று கருதியது. ஆகவே அவர்களின் இலச்சினையில் அவ்விடத்தில் குஞ்சங்கள் தொங்கும் அகன்ற தொப்பி வந்தது. அடுத்த முறை ஆயர் இல்லத்திலிருந்து வரும் சுற்றுமடலின் தலைப்பைப் பாருங்கள், பச்சைத் தொப்பி இருக்கும்.

இப்பெருங்கவசங்கள் நமக்குக் கிடைத்திருப்பதற்கும் ஆலயங்களே பெருங்காரணம். வீரன் இறந்தால் அவன் தலைச்சீராவைக் கல்லறைக்கு மேலே தொங்கவிடுவது வழக்கம். இங்கிலாந்தில் கருப்பு இளவரசர் எனப்பட்ட எட்வர்டு 1376-ல் இறந்தார். கேன்டர்பரி பேராலயத்தில் அவருடைய தலைச்சீராவும் அதன்மேல் நின்ற தோல் சிங்கமும் ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. (இப்போது கல்லறையின் மேல் தொங்குவது நகல், அசல் கண்ணாடிப் பேழையில் உள்ளது.) ஹெரிபோர்டு பேராலயத்தில் தொங்கிய சர் ரிச்சர்டு பெம்பிரிட்ஜின் தலைச்சீரா இன்று எடின்பரோ காட்சிசாலையில் இருக்கிறது. கோவிலில் தொங்காதவற்றையெல்லாம் பின்வந்த கொல்லர்கள் உருக்கி வேறு பொருளாக்கிவிட்டனர். இரும்பு விலையுள்ள பொருளாயிற்றே!

பெருங்கவசத்தின் குறை விரைவிலேயே தெரிந்தது. தரையில் நின்று போரிடுபவனுக்கு அது சிறைக்கூடம். ஆகவே பதினான்காம் நூற்றாண்டில், முன்பு அடியில் அணிந்த கூம்புக் குல்லாயையே பெரிதாக்கி, காதையும் பிடரியையும் மூடுமாறு இறக்கி, ‘பாசினெட்’ என்ற புதுவகையைச் செய்தனர். கழுத்தைச் சுற்றி வளையப் பின்னல் தொங்கும். முகத்துக்குத் தனியே ஒரு தகடு. இதுதான் புதுமை. கீலில் மாட்டிய அம்முகத்தகட்டைத் தேவைப்படும்போது இறக்கலாம், வேண்டாதபோது ஏற்றலாம். அத்தகடு முன்னால் கூராக நீண்டு நாய்மூஞ்சி போல் இருக்கும். அம்பு நேரே குத்தாமல் சரிந்து போகவும், உள்ளே மூச்சுக்கு இடம் இருக்கவும் அந்த நீட்சி.

ஏற்றலாம் என்பது வசதி. ஆனால் ஏற்றிய அந்த நொடியில் என்ன ஆகும்? 1403-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னுமிடத்தில் நடந்த போரில் இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது பதினாறு. நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவியரின் வயதுதான். அம்பின் தண்டு பிடுங்கப்பட்டும் முனை மட்டும் மூக்கின் பக்கத்தில் ஆறங்குல ஆழத்தில் சிக்கிக்கொண்டது. ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் அதற்கென்றே ஒரு திருகுக் குறடு செய்து, புண்ணைத் தேன் தடவிய குச்சிகளால் மெல்ல மெல்ல விரித்து, முனையை வெளியே எடுத்தார். செய்த முறையை நூலிலும் எழுதி வைத்தார். பிழைத்த இளவரசரே பின்னாளில் ஐந்தாம் ஹென்றி அரசர். அதே போரில் எதிரணித் தலைவன் ஹாட்ஸ்பர், மூச்சு வாங்க முகத்தகட்டை உயர்த்தியபோது அம்பு பட்டு மாண்டான் என்று ஒரு வழக்குக் கதை உண்டு. கதையோ உண்மையோ, கேட்டவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. முகத்தகட்டுக்குள் சிறிது நேரம் இருந்தவர் எவரும் அதை நம்புவர்.

இனி ஏழை வீரனின் தலைச்சீராவுக்கு வருவோம். சட்டியைக் கவிழ்த்து விளிம்பு வைத்தாற்போன்ற இதற்கு ஆங்கிலத்தில் ‘கெட்டில் ஹாட்’ என்றே பெயர். முகம் முழுவதும் திறந்திருக்கும். ஆனால் கோட்டைச் சுவரிலிருந்து விழும் கல்லையும் வானிலிருந்து இறங்கும் அம்பையும் விளிம்பு தடுக்கும். பார்க்கலாம், கேட்கலாம், கத்தலாம், விலையும் குறைவு. என் எண்ணத்தில் எல்லா வகையிலும் அறிவுள்ள வகை இதுவே. 1915-ல் பிரிட்டிஷ் படைக்கு இரும்புத் தொப்பி வேண்டியபோது ஜான் பிராடி என்பவர் வடிவமைத்தது ஏறக்குறைய இதே சட்டிதான்.

இவ்வாறான இலேசான ஒரு தலைச்சீராவே பிரான்சு நாட்டின் புனித ஜோனின் உயிரைக் காத்தது. ஜோன் ஆர்க் என்று நாம் அறியும் இப்புனிதையின் வாழ்வைப் பலரும் படித்திருப்பீர்கள். கவசம் பற்றிய பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன். 1429-ல் தூர் நகரில் ஒரு கொல்லர் அவருக்கு முழுக்கவசம் செய்து கொடுத்தார். அதற்கு 100 லிவர் கொடுக்கப்பட்டதாக அரசுக் கணக்கில் பதிவு உள்ளது. மே மாதம் 7-ஆம் நாள் ஓர்லியானில், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அம்பு பட்டும் அவர் களத்துக்குத் திரும்பினார். ஜூன் 12 அன்று ஜார்ஜோ கோட்டையைத் தாக்கும்போது, கையில் கொடியுடன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மேலிருந்து எறியப்பட்ட ஒரு கல் கொடியில் பட்டு அவர் தலையில் விழுந்தது. தலைச்சீராவின்மேல் கல் உடைந்து சிதறியது. ஜோன் தரையில் விழுந்தார். உடனே எழுந்தார், முன்னேறுங்கள் என்று தோழர்களை நோக்கிக் குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில் கோட்டை வீழ்ந்தது. உடனிருந்த அலான்சோன் கோமகன் பின்னாளில் ஜோன்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க நடந்த மறுவிசாரணையில் இதைச் சாட்சியாகச் சொன்னார். அவர் குறிப்பிட்ட தலைச்சீரா முகத்தகடு இல்லாத இலேசான வகை. அது மூடிய வகையாக இருந்திருந்தால் தலை தப்பியிருக்கும்; ஆனால் அந்தக் குரல் யார் காதிலும் விழுந்திராது. அன்று அந்தப் படைக்கு அதிகம் தேவைப்பட்டது அந்தக் குரல்தான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1431-ஆம் ஆண்டு மே 30-ல், பத்தொன்பது வயதில் அவர் ரூவான் நகரில் தீக்கிரையாக்கப்பட்டதும், 1456-ல் அத்தீர்ப்பு தள்ளுபடியானதும், 1920-ல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதையாக உயர்த்தியதும் நீங்கள் அறிந்ததே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில் ஒரு பெரிய பாசினெட் உள்ளது. ஓர்லியான் நகரின் புனித இராயப்பர் ஆலயம் ஒன்றில் தொங்கியது என்றும், ஜோன் அணிந்தது என்றும் வழிவழியாகச் சொல்லி வந்தனர். காலம் பொருந்துகிறது, அவருடையது என்பதற்குச் சான்று கிடையாது. அதைப் பார்க்கச் செல்பவர்கள் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்களாம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியரும் ஜெர்மானியரும் போட்டிபோட்டுக்கொண்டு புதுவகைகள் செய்தனர். பிடரியில் வால் போல் நீண்ட ‘சாலட்’, பழைய கிரேக்கரை நினைவூட்டும் ‘பார்பூட்டா’, சிப்பி மூடுவதுபோல் கன்னத் தகடுகள் இரண்டும் தாடையில் வந்து சேரும் ‘ஆர்மெட்’. இவற்றுள் ஆர்மெட்டே தலையோடு ஒட்டி, பாரத்தைக் கழுத்துக் கவசத்தோடு பகிர்ந்து, அழகும் பாதுகாப்பும் ஒருங்கே தந்தது. மிலான் நகரக் கொல்லர்கள் இவற்றை ஐரோப்பா எங்கும் ஏற்றுமதி செய்தனர்.

அவர்கள் கைவேலை நமக்குக் கிடைத்த விதம் ஒரு கதை. இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகில் குர்த்தத்தோனே என்னுமிடத்தில் அருள்நிறை அன்னையின் திருத்தலம் இருக்கிறது. ஆபத்திலிருந்து அன்னையின் பரிந்துரையால் தப்பியவர்களின் உருவங்களை நேர்ச்சையாக அங்கே சுவர் மாடங்களில் நிறுத்தியிருந்தனர். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணும் கையும் காணிக்கை வைப்பதில்லையா, அதுபோல் ஆளுயரத்தில். அவ்வுருவங்கள் பூண்டிருந்த கவசங்கள்மேல் வண்ணம் பூசப்பட்டிருந்ததால் எல்லாம் காகிதக்கூழ் வேலை என்றே எண்ணி வந்தனர். 1920-களில் ஜேம்ஸ் மான் என்ற ஆங்கில அறிஞர் கூர்ந்து பார்த்தபோது, அவை பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் அசல் இரும்புக் கவசங்கள் என்பது வெளிப்பட்டது. உலகின் பெரிய காட்சிசாலைகள் ஏங்கும் பொருள்கள், அன்னையின் காலடியில் யாரும் அறியாமல் நின்றிருந்தன! இன்று அவை மாந்துவா மறைமாவட்டக் காட்சிசாலையில் உள்ளன.

இவ்வளவு நல்ல கவசம் இருந்தும் தலையில் காயம் பட்டு மாண்டவர் பலர். 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், முன்பு பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயம் இருந்த இடத்தில், ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் அடியில், 1485-ல் போஸ்வொர்த் களத்தில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு அரசரின் எலும்புகள் கிடைத்தன. ஆராய்ந்தவர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவுப்படி உடலில் 11 காயங்கள். அவற்றுள் 9 மண்டையோட்டில். கையில் தற்காப்புக் காயம் இல்லை. ஆகவே உடற்கவசம் இருந்தது. தலைச்சீரா மட்டும் அந்நேரத்தில் தலையில் இல்லை. கழன்றதா, பிடுங்கப்பட்டதா, அவரே கழற்றினாரா என்று எலும்பு சொல்லாது. அரசனுக்கே அந்நாட்டின் சிறந்த இரும்பு கிடைத்திருக்கும். தலையில் இல்லாத இரும்பு எவ்வளவு சிறந்ததானால் என்ன?

போர் போக, குதிரைமேல் ஈட்டி ஏந்தி மோதும் விளையாட்டுக்கெனத் தனித் தலைச்சீரா உண்டு. தவளை வாய் போல் முன்னால் பிதுங்கியிருக்கும். எடை 10 கிலோ வரை போகும். மார்புக் கவசத்தோடு திருகாணியால் முடுக்கிவிடுவர். முன்குனிந்து ஓடும்போது பிளவின் வழியே எதிரி தெரிவான். மோதும் கணத்தில் தலையை நிமிர்த்தினால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஈட்டிச் சிம்பு ஒன்றும் உள்ளே வராது. வேறுவிதத் தலைச்சீரா அணிந்து ஆடிய பிரான்சு அரசர் இரண்டாம் ஹென்றிக்கு 1559-ஆம் ஆண்டு ஜூன் 30-ல் நேர்ந்தது தெரிந்ததே. மகளின் திருமண விழா. எதிரி மோன்கோமரியின் ஈட்டி முறிந்து, சிம்பு முகத்தகட்டின் வழியே கண்ணருகில் பாய்ந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவர்களான பாரேயும் வெசாலியுசும் அருகிருந்தும் ஜூலை 10-ல் உயிர் பிரிந்தது.

துப்பாக்கி வந்தபின் தலைச்சீராக்களுக்கு அழகே முதன்மையாயிற்று. மிலானின் பிலிப்போ நெக்ரோலி 1543-ல் ஒரே எஃகுத் தகட்டிலிருந்து கடற்கன்னி உருவத்தை அடித்து எழுப்பிய தலைச்சீராவை நகை என்றே சொல்ல வேண்டும். ஜெர்மானியப் பேரரசர் மாக்சிமிலியன் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்குப் பரிசளித்ததோ வேடிக்கைப் பொருள். ஆட்டுக்கடாக் கொம்பு, மூக்குக்கண்ணாடி, ஒழுகும் மூக்கு எல்லாம் அதில் உண்டு! லீட்ஸ் நகரின் அரச ஆயுதச்சாலை அதையே தன் சின்னமாகக் கொண்டுள்ளது.

இவற்றைச் சேகரிக்கும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகியது. 1839-ல் ஸ்காட்லாந்தில் எக்லின்டன் பிரபு பழங்கால ஈட்டி விளையாட்டை நடத்திக்காட்ட, ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினர். கொட்டிய மழையில் கவசவீரரெல்லாம் குடை தேடினர். ஆசை பெருகினால் போலியும் பெருகும். நல்ல சேகரிப்பாளர் வெளியழகைப் பாராமல் முதலில் உட்புறத்தைப் பார்ப்பார். அசலில் சுத்தியல் தடம் இருக்கும். நெற்றியில் தடிப்பாகவும் பின்னால் மெலிந்தும் இருக்கும். பஞ்சு உறையைப் பொருத்திய ஆணித் துளைகள் சுற்றிலும் இருக்கும். ஒரே தடிப்புள்ள தகடாக இருந்தால் அது ஆலைத் தகடு.

போலியாக அல்லாமல் நகல் என்று சொல்லியே செய்வது வேறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழம்போர்களை உடையணிந்து நடித்துக்காட்டும் குழுக்கள் பல. அவர்கள் அணியும் தலைச்சீராக்களில் கணிசமானவை நம் இந்தியாவில் செய்தவை! டேராடூனில் 1943-ல் தொடங்கப்பட்ட விண்ட்லஸ் நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது. அணிபவருக்கு அனுபவசாலிகள் கூறும் முதல் விதி, இரும்புக்குச் செலவிடுமுன் உள்ளே வைக்கும் பஞ்சுக் குல்லாயைச் சரியாகத் தைத்துக்கொள் என்பது. அடியைத் தாங்குவது இரும்பு; அதிர்ச்சியைத் தாங்குவது பஞ்சு. அளவு பெரிதானால் திரும்பும்போது தலை மட்டும் திரும்பும், கண்பிளவு அங்கேயே நிற்கும்.

கடைசியாக, இன்றும் கடமையில் உள்ள ஒரு தலைச்சீரா. படகு கவிழ்ந்தாற்போல் முன்னும் பின்னும் கூராக, நடுவில் முகடு எழும்பிய ‘மோரியன்’ பதினாறாம் நூற்றாண்டுக் காலாட்படையினருடையது. வத்திக்கானில் திருத்தந்தையைக் காக்கும் சுவிஸ் காவலர் தலையில் காண்பது இதுவே. 1506-ல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அமைத்த படை அது. 1527 மே 6-ல் உரோமை சூறையாடப்பட்டபோது 147 காவலர் உயிரைக் கொடுத்துத் திருத்தந்தை ஏழாம் கிளமெண்டைத் தப்புவித்தனர். அந்நாளின் நினைவாக மே 6-ல் புதிய காவலர் உறுதிமொழி எடுப்பது மரபு. அப்போது சிவந்த இறகு சூடிய எஃகுத் தலைச்சீரா அணிவர். மற்ற வேளைகளுக்கோ 2019 முதல் வேறு வந்துவிட்டது. சுமார் 2 கிலோ எடையுள்ள இரும்பு, உரோமையின் கோடை வெயிலில் காய்ந்து நெற்றியைச் சுட்டது. இளைஞர்கள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே கணிப்பொறி உதவியால் அச்சுவார்க்கும் புதுமுறையில், பிளாஸ்டிக்கில், அரைக்கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் அதே மோரியனைச் செய்துகொண்டனர். உள்ளே காற்றோட்டத்துக்கு வழி உண்டு. முகப்பில் இரண்டாம் ஜூலியசின் இலச்சினை பழையபடியே பொறிக்கப்பட்டுள்ளது.